கோத்தோத் தீவினரின் கிழங்கு மோச்சி

தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் அரசரின் மெய்க்கீர்த்திகளையும் போர்ச் செய்திகளையும் ஆராய்தல் வழக்கம். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், கல்லிலும் செப்பேட்டிலும் பெயர் பொறிக்கப்பெறாத எளிய மக்களின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் அடுக்களையிலேயே எஞ்சி நிற்கின்றது. எதனை விளைத்தனர், எதனை உண்டனர், ஒன்று கிடையாதவிடத்து எதனைக் கொண்டு குறை நிரப்பினர் என்பவற்றை உற்று நோக்கின், நூல்கள் கூறாது விட்ட செய்திகள் பல புலனாகும். இவ்வுண்மைக்குச் சான்றாக, ஜப்பான் நாட்டின் மேற்கெல்லையிலுள்ள கோத்தோத் தீவுகளில் வழங்கும் பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும், அதனை இல்லத்தில் செய்யும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அப்பலகாரத்தின் பெயர் கன்கொரோ மோச்சி என்பது. கன்கொரோ என்பது நறுக்கி உலர்த்திய சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மோச்சி என்பது பசையரிசியை அவித்து இடித்துத் திரட்டியது. இவ்விரண்டும் கலந்ததே யாம் கூறப்புகுந்த உணவு. ஊன், முட்டை, பால், வெண்ணெய் ஆகிய ஒன்றும் இதில் சேர்வதில்லை. நம் நாட்டிற் சைவவுணவு என்பது பாலையும் நெய்யையும் விலக்காதது. இதுவோ அவற்றையும் வேண்டாதது. ஆதலின், இக்காலத்தார் வீகன் என்று வழங்கும் உணவு வகையுள் இஃது இயல்பாகவே அடங்கும். தவக்காலத்தில் ஊனும் பாலும் நீக்கி உண்பார்க்கும் இது பெரிதும் ஏற்றதாகும்.

மோச்சியின் இயல்பு

மோச்சிக்கு எல்லா அரிசியும் ஆகா. ஜப்பானியர் மோச்சிக்கோமே என்று வழங்கும் ஒருவகைப் பசையரிசியே அதற்கு உரியது. அவ்வரிசி பார்வைக்குப் பால்போல் வெளுத்து, ஒளி ஊடுருவாததாய் இருக்கும். அவித்தாற் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செட்டிநாட்டு வீடுகளில் இனிப்புச் செய்யும் கவுனியரிசியை உண்டார் இப்பசைத்தன்மையை ஒருவாறு அறிவர்.

இப்பசைக்குக் காரணம் யாதெனின் கூறுதும். அரிசியின் மாச்சத்து இருவகைக் கூறுகளால் ஆயது. ஒன்று கிளையற்று நீண்ட இழைபோல்வது. அதனை அமைலோஸ் என்பர். மற்றொன்று மரம்போற் பல கிளை விட்டது. அதனை அமைலோபெக்டின் என்பர். நாம் நாடோறும் சோறாக்கும் அரிசியில் முற்கூறியது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ உண்டு. அதனாலேயே சோறு உதிரியாய் நிற்கின்றது. பசையரிசியிலோ அஃது இல்லையென்றே கூறலாம். கிளைத்த கூறே நிறைந்திருத்தலின், நீரும் வெப்பமும் சேர்ந்தவழி அது நெகிழ்ந்து, இடிக்க இடிக்கப் பருக்கை வடிவம் முற்றும் அழிந்து, இழுத்தால் நீளும் ஒரே திரளாகின்றது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இதில் சிறிதும் இல்லை என்பதும் அறியத்தக்கது.

ஆண்டிறுதியில் ஜப்பானியர் மோச்சி இடிப்பதை ஒரு விழாவாகவே கொண்டாடுவர். உசு என்னும் மரவுரலில் அவித்த அரிசியைக் கொட்டி, கினே என்னும் சம்மட்டிபோன்ற மரவுலக்கையால் ஒருவர் ஓங்கி இடிப்பர்; ஒவ்வோர் இடிக்கும் இடையில் மற்றொருவர் நனைந்த கையால் மாவைப் புரட்டிக் கொடுப்பர். இருவர் கையும் ஓசை ஒத்து இயங்குதல் வேண்டும். சிறிது பிழைப்பினும் விரல் நசுங்கும். இவ்வாறு ஆக்கிய மோச்சியைப் பெரிதும் சிறிதுமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் புத்தாண்டுக்குப் படைத்தல் அவர் மரபு. எனவே மோச்சி என்பது நாட்பசி தீர்க்கும் உணவாக அன்றி, நன்னாளின் அடையாளமாகவே அவரால் மதிக்கப்பெறுவது என்பது பெறப்படும்.

முற்காலத்தில் ஜப்பானிய உழவர் விளைத்த நெல்லிற் பெரும்பங்கு நாடாள்வார்க்கு வரியாகச் சென்றது. ஒரு நிலப்பகுதியின் செல்வமே அரிசியளவாற் குறிக்கப்பெற்றது. ஆகலின், நெல்லை விளைத்தவரே அரிசியை வேண்டிய மட்டும் உண்ணப் பெற்றிலர். நெல் விளையா மலைச்சரிவில் வாழ்ந்தோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? அவர்க்கு உற்றுழி உதவியது ஒரு கிழங்கு.

கிழங்கு வந்த வழி

சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. கொலம்பசுக்குப் பின்னர் ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் அதனைக் கீழ்த்திசை நாடுகளிற் பரப்பினர். சீனத்துப் பூக்கியென் நாட்டினின்றும் 1605-ஆம் ஆண்டில் நோகுனி சோகான் என்பவர் அதனை ரியூக்கியூத் தீவுகளுக்குக் கொணர்ந்தார். அத்தீவுகளினின்றும் பெற்ற கிழங்கை 1615-இல் ஹிராதோவிலிருந்த ஆங்கில வாணிகத் தலைவர் ரிச்சர்டு காக்ஸ் தம் தோட்டத்தில் நட்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். 1705-இல் மாயெதா ரியெமோன் என்னும் கடலோடி அதனை ரியூக்கியூவினின்றும் சத்சுமா நாட்டிற்குக் கொண்டுவந்து பயிரிட்டார். அதன்பின் அது கியூஷு முழுதும் விரைந்து பரவிற்று.

1732-இல் மேற்கு ஜப்பானில் பூச்சிகளால் நெற்பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தோன்றிற்று. அக்காலத்துக் கிழங்கு பயிரிட்டிருந்த இடங்களில் உயிரிழப்புக் குறைவாயிருந்ததைக் கண்ட அறிஞர் ஆவோகி கொன்யோ அதன் பயனை விளக்கி நூல் எழுதினார். அரசின் ஆணை பெற்று 1735-இல் எடோ நகரத் தோட்டத்தில் அதனை நட்டு வளர்த்துக் காட்டினார். மக்கள் அவரைக் கிழங்காசிரியர் என்றே அன்பொடு அழைத்தனர். ஓர் ஆசிரியர்க்கு இதனினும் இனிய பட்டம் வேறுண்டோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

தமிழ் பயில்வார்க்கு இக்கிழங்கின் பெயர்களும் சுவை பயப்பன. எடோ நகரத்தார் சத்சுமாவினின்றும் வந்தமையால் இதனைச் சத்சுமா-இமோ என்றனர். இமோ என்பது கிழங்கு. சத்சுமா நாட்டாரோ சீனத்தினின்றும் வந்தது என்னும் கருத்தால் கரா-இமோ என்றனர். ஆக, ஒவ்வொருவரும் தமக்கு அதனை ஈந்த அண்டை நாட்டின் பெயரையே அதற்கு இட்டு நன்றி காட்டினர் எனலாம். த்சுஷிமாத் தீவினர் இட்ட பெயரோ கோகோ-இமோ என்பது. பெற்றோரைப் பேணும் கிழங்கு என்பது அதன் பொருள். பஞ்சத்தில் முதியோரைக் காத்தற்கு உதவியமையால் அப்பெயர் பொருந்துவதாயிற்று. 1763-இல் அத்தீவுவழிச் சென்ற கொரியத் தூதர் ஒருவர் அக்கிழங்கைத் தம் நாட்டிற்கு அனுப்பினார். கொரியர் இன்று கோகுமா என்பது அப்பெயரின் திரிபே என்பர். நாமோ சுவை நோக்கிச் சர்க்கரைவள்ளி என்றும் சீனிக்கிழங்கு என்றும் பெயரிட்டோம். சீனி என்னும் சொல்லும் சீனத்தின் பெயரோடு தொடர்புடையதாகலின், நம் பெயரும் ஒருவாற்றான் சத்சுமா நாட்டார் பெயரோடு சென்று சேர்கின்றது.

மறைந்து வாழ்ந்த மக்கள்

இனி, கோத்தோத் தீவுகளுக்கு வருவாம். கோத்தோ என்பதற்கு ஐந்தீவு என்பது பொருள். கியூஷுவின் மேற்கே கடலில் நீண்டு கிடக்கும் இத்தீவுக்கூட்டம் இன்று நாகசாகி மாவட்டத்தைச் சார்ந்தது. இங்குள்ள கிழங்கு மோச்சியின் வரலாறு கிறிஸ்தவ மறையின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதாகலின், அதனைச் சிறிது கூறுதல் இன்றியமையாததாகின்றது.

நம் முத்துக்குளித்துறையில் 1542 முதலாகப் பரதவரிடையே தொண்டாற்றி, செபங்களைத் தமிழிற் பெயர்ப்பித்துக் கற்பித்த புனித பிரான்சிஸ் சவேரியாரே 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ககோஷிமாவில் இறங்கி ஜப்பானியர்க்கு நற்செய்தி அறிவித்தார். மறை விரைவிற் பரவிற்று. பகையும் உடன் வளர்ந்தது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியிற் சிலுவையில் அறையுண்ட இருபத்தறுவருள் கோத்தோவிற் பிறந்த யோவான் என்பவர் பத்தொன்பது வயதினர். இதனைப் படிக்கும் மாணவர் பலரோடு ஒத்த அகவையினர். 1614-இல் நாடெங்கும் மறை தடை செய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த இறுதிக் குருவும் கொலையுண்டார். அதன்பின் இருநூறு ஆண்டிற்கு மேலாக அம்மக்கள் குருவின்றி, கோயிலின்றி, அச்சிட்ட நூலின்றி வாழ்ந்தனர். ஞானநீராட்டுவார் ஒருவர், திருநாட் கணக்கு வைப்பார் ஒருவர் என ஊர்தோறும் பொதுமக்களே பொறுப்பேற்றனர். ஒராஷோ எனத் தாம் வழங்கிய மன்றாட்டுக்களை வாய்மொழியாகவே மக்கட்குக் கற்பித்தனர்.

1797-இல் ஓமுரா நாட்டுத் தலைவரும் கோத்தோத் தலைவரும் தம்முள் ஓர் உடன்பாடு செய்தனர். ஓமுராவில் மக்கள் மிக்கு நிலம் போதவில்லை; கோத்தோவில் நிலமிருந்தும் உழுவார் குறைவு. அவ்வுடன்பாட்டின்படி சோத்தோமேக் கரையினின்றும் முதற்கண் 108 பேர் கடல் கடந்தனர். பின்னர்ச் சென்றோரையும் கூட்டினால் ஏறக்குறைய மூவாயிரவர் ஆவர். அவருட் பெரும்பாலோர் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர். நல்ல நிலமும் நல்ல துறைகளும் முன்னிருந்தார் கையில் இருந்தன. பின்வந்தார்க்குக் கிடைத்தன செங்குத்தான மலைச்சரிவுகளும் கல்நிறைந்த சிறு விரிகுடாக்களுமே. அங்கே நெல் எங்ஙனம் விளையும்? கிழங்கோ விளைந்தது. அதன் கொடி தரையோடு படர்ந்து மண்ணைப் பற்றியது. உண்ணும் பகுதி நிலத்தினுள் இருத்தலின் சூறாவளி அதனை அழித்திலது. உரமற்ற மண்ணையும் அது வெறுத்திலது. மலையிற் கிழங்கும் கடலில் மீனுமே அவர்தம் வாழ்வாயின.

1865 மார்ச்சு 17-ஆம் நாள் நாகசாகியிற் புதிதாய் எழுந்த ஓவுரா ஆலயத்தில் மறைந்து வாழ்ந்த மக்கட் சிலர் பெத்திழான் அடிகளை அணுகித் தம் நம்பிக்கையை வெளியிட்டனர். உலகம் வியந்தது. ஆயின் தடை நீங்கவில்லை. 1868-இற் கோத்தோவிற் கொடுமை மூண்டது. ஹிசாக்காத் தீவில் இருபது சதுரமீட்டர் அளவினதாகிய ஒரு சிறுவீட்டில் ஆடவரும் பெண்டிரும் குழவியருமாக ஏறக்குறைய இருநூற்றுவர் எட்டுத்திங்கள் அடைக்கப்பட்டனர். காலைக்கும் மாலைக்கும் கிழங்கின் சிறு துண்டு ஒவ்வொன்றே அவர்க்கு உணவாக அளிக்கப்பட்டது என்பது அத்தீவின் வரலாறு. நாற்பத்திருவர் மாண்டனர். 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்ட பின்னரே அம்மக்கள் வெளிப்பட வாழலாயினர். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவரோடு தொடர்புடைய நாகசாகிப் பகுதியின் இடங்கள் 2018-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றன. ஹிசாக்காவின் சிற்றூர்களும் அவற்றுள் அடங்கும்.

கன்கொரோ மோச்சி

மேற்கூறியவற்றை மனத்திற் கொண்டு நோக்கின், கன்கொரோ மோச்சி ஏன் தோன்றிற்று என்பது தானே விளங்கும். புத்தாண்டு வந்தது; மோச்சி வேண்டும்; பசையரிசி போதாது. ஆதலின், கைவசம் நிறைய இருந்த கிழங்கைச் சேர்த்து இடித்து அளவைப் பெருக்கினர். அரிசி அருகிய இல்லத்திற் கிழங்கு மிகும்; அரிசி மிக்க இல்லத்திற் கிழங்கு குறையும். கிறிஸ்தவரேயன்றித் தீவினர் பலரும் இதனைச் செய்து உண்டனர். வறுமை மதம் நோக்கி வருவதன்று அன்றோ?

அகழ்ந்த கிழங்கு நெடுநாள் நில்லாது; குளிர்பட்டால் அழுகும். அதனால், கார்த்திகை மார்கழியையொட்டி வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், கிழங்கைத் தோல் சீவி, விரற்பருமனுக்குக் குறைவான வில்லைகளாக அரிந்து, கொதிநீரிற் சிறிது வேகவிட்டு எடுத்து, மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய பரண்களிற் பரப்பி வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவர். கொதிநீரில் இடுதல் கிழங்கு கறுத்துப் போகாமற் காக்கும். வாடையும் வறண்ட வெயிலும் ஈரத்தை ஈர்த்து இனிப்பைச் செறிவிக்கும். இவ்வுலர்கிழங்கே கன்கொரோ. இஃது அடுத்த அறுவடை வரை கெடாது நிற்கும்.

மோச்சி செய்யுங்கால், பசையரிசியை இரவு முழுதும் ஊறவைப்பர். கன்கொரோவையும் நீரில் ஊறவைத்து மெதுவாக்குவர். இரண்டையும் நீராவியில் அவித்து, சர்க்கரை கூட்டி, உரலில் ஒன்றாகும்வரை இடிப்பர். சிலர் எள்ளும் இஞ்சியும் சேர்ப்பதுண்டு. பின்னர் அத்திரளை உள்ளங்கையளவு பருமனுள்ள நீண்ட உருளையாக்கி ஆறவைப்பர். மறுநாள் அது கெட்டிப்படும். அதனை வில்லைகளாக அறுத்து, நெருப்பில் வாட்டினால், புறத்தே மெல்லிய பொருக்கும் அகத்தே நெகிழ்வும் இனிய மணமும் உடையதாகின்றது. மாச்சத்து ஆறும்போது இறுகுதலும் சூடேறும்போது மீண்டும் நெகிழ்தலும் அதன் இயல்பு. ஆதலின் வாட்டி உண்டல் சுவைக்கு மட்டுமன்றி மென்மைக்கும் வேண்டப்படுவதாயிற்று.

இல்லத்திற் செய்யுமாறு

கிழங்கை உலர்த்தி வைக்க இயலாதார்க்குப் பச்சைக்கிழங்கால் ஆக்கும் முறையும் ஒன்றுண்டு. சவேரியார் முதலிற் கால் வைத்த ககோஷிமாவில் அதனை நெத்தபோ என்பர். அண்டையிலுள்ள மியாசாக்கியில் நெரிகுரி என்பர். கிழங்கையும் மோச்சியையும் அவித்துப் பிசைந்து, வறுத்த சோயாப்பயற்று மாவிற் புரட்டி அன்றே உண்பது அது. நம் வீட்டு இட்லிக் கொப்பரையும் கல்லுரலுமே இதற்குப் போதும்.

வேண்டும் பொருள்கள்: சர்க்கரைவள்ளிக்கிழங்கு 500 கிராம்; பசையரிசி 250 கிராம்; சர்க்கரை 50 கிராம்; உப்பு ஒரு சிட்டிகை; புரட்டுதற்கு வறுத்த சோயா மாவு. அம்மாவு கிடையாதவிடத்துப் பொட்டுக்கடலை மாவு அதன் பணியை ஒருவாறு செய்யும்.

முதலாவது, அரிசியைக் களைந்து எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் ஊறவைத்து, நீரை முற்றும் வடித்திடுக. கொப்பரைத் தட்டில் நனைந்த துணி விரித்து அரிசியைப் பரப்பி, இருபது நிமிடம் ஆவியில் அவித்து, இடையிற் சிறிது நீர் தெளித்துக் கிளறிவிடுக.

இரண்டாவது, கிழங்கைத் தோல் சீவி இரண்டு சென்டிமீட்டர்த் துண்டுகளாக்கி அரிசியின்மேல் அடுக்கி, மிதமான தீயில் மேலும் அரைமணி நேரம் அவிக்க. நீர்த்த கிழங்கை விலக்கி, மாவுப் பிடிப்புள்ளதையே தேர்ந்தெடுக்க. தீ மிதமாயிருத்தற்குக் காரணம் உண்டு. கிழங்கிலுள்ள ஒருவகை நொதி, ஏறக்குறைய 60 முதல் 75 பாகை வெப்பத்தில் மாச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகின்றது. வெப்பம் மிகவே அந்நொதி அழியும். விரைந்து வேகவைத்த கிழங்கினும் மெல்ல வெந்த கிழங்கு இனிப்பது இதனாலேயே.

மூன்றாவது, வெந்த அரிசியை உரலில் இட்டு, உலக்கை நுனியால் அழுத்தி அழுத்திப் பிசைக. எடுத்தவுடன் ஓங்கி இடித்தாற் பருக்கைகள் சிதறும். பருக்கைகள் ஒன்றோடொன்று கூடிய பின்னரே இடித்தல் வேண்டும். அரிசி ஒருவாறு திரண்டபின் நார் நீக்கிய கிழங்கையும் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து, பொன்னிறமாய் ஒரே திரளாகும்வரை இடிக்க. சூடு ஆறுமுன் முடித்தல் முறை.

நான்காவது, கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சை அளவு கிள்ளி உருட்டி, மாவிற் புரட்டி எடுத்து வைக்க. அன்றைக்கே உண்பது நன்று. எஞ்சியதை மறுநாள் எண்ணெயற்ற சட்டியில் இருபுறமும் வாட்டி உண்ணலாம்.

இடிப்பதற்கு உரல் இல்லாதார் பசையரிசி மாவைக் கொண்டும் செய்யலாம். அவித்து மசித்த கிழங்கு இரண்டு பங்கும் மாவு ஒரு பங்கும் சேர்த்து, சர்க்கரையும் உப்பும் கூட்டி, செவிமடல் போன்ற பதமாகப் பிசைந்து, தட்டையாகத் தட்டிக் கால்மணி நேரம் ஆவியில் அவித்தாற் போதும். இடித்ததன் நீட்சி இதற்கு வாராதாயினும் சுவை குன்றாது.

ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூறத்தக்கது. மோச்சி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இயல்பினது. ஜப்பானில் ஆண்டுதோறும் புத்தாண்டு நாட்களில் முதியோர் சிலர் அதனால் மூச்சடைத்து உயிர் துறக்கின்றனர். ஆதலின் முதியோர்க்கும் சிறுவர்க்கும் சிறுசிறு துண்டாக்கியே கொடுத்தல் வேண்டும். நன்றாக மென்ற பின்னரே விழுங்குதல் வேண்டும். கிழங்கு மிகச் சேர்ந்த மோச்சி எளிதில் அறுந்து மெல்லுதற்கு இசைவதும் அதன் சிறப்புக்களுள் ஒன்று.

நம் இலக்கியத்தில் ஒரு கிழங்கு

சர்க்கரைவள்ளி நம் நாட்டிற்கும் பிற்காலத்தே வந்தது. சங்க நூல்களில் வரும் வள்ளி வேறு கிழங்கு. ஆயினும், கோத்தோ மக்களின் வரலாற்றைப் படிக்குங்கால் தமிழ் மாணாக்கர்க்குப் புறநானூற்று 109-ஆம் பாட்டு நினைவிற்கு வாராதிராது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்தபோது, உழவர் உழாமலே அம்மலை நல்கும் நான்கு பயன்களைக் கபிலர் எடுத்துக் கூறுகின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. தாளாலும் வாளாலும் கொள்ளற்கு அரியது அம்மலை என்பதற்கு அவர் காட்டும் காரணங்களுள் மண்ணினுள் மறைந்து கிடக்கும் ஒரு கிழங்கும் இடம்பெறுதல் நோக்கத்தக்கது.

முற்றுகை மதிலைச் சூழலாம், வயலைச் சூழலாம், மண்ணினுள் மறைந்ததை அது காணாது. பறம்பின் மக்களைச் சூழ்ந்தது படை. கோத்தோவின் மக்களைச் சூழ்ந்தது சட்டம். இரண்டிடத்தும் எளியாரைத் தாங்கியது மலைநிலத்துக் கிழங்கே. இவ்வொப்புமையை யாம் வலிந்து கூறினேம் என்று கொள்ளற்க. மலைவாணர் வாழ்வு எந்நாட்டினும் ஒத்ததோர் இயல்புடையது என்பதே எம் கருத்து.

முடிவுரை

அரிசி மட்டுமே மோச்சிக்குச் சிறப்பு. கிழங்கு சேர்த்தல் வறியோர் செய்த கலப்படம் என்று ஒருவர் கூறலாம். தொடக்கத்தில் அஃது இன்மையாற் பிறந்ததே என்பதை யாமும் மறுக்கிலேம். ஆயின் இன்று அதனை விரும்பி வாங்குவார் கிழங்கின் மணத்தையும் இனிமையையும் நாடியே வாங்குகின்றனர். அரிசி மலிந்த பின்னரும் கோத்தோ மக்கள் கிழங்கை நீக்கினாரல்லர். குறையை மறைத்தற்குச் சேர்த்த பொருளே அவ்வுணவின் சிறப்பாயிற்று. ஓரினத்தார் தம் வறுமையை வெட்கத்தோடு மறைக்காமல், அதனையே விழாவுணவாக்கி மக்கட்கு ஊட்டி வளர்த்தனர் என்பது எளிய செய்தி அன்று.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அம்மக்கள் நூலின்றிக் காத்தவை இரண்டு: மன்றாட்டும் உணவும். மன்றாட்டைத் தந்தையும் தாயும் மக்கள் செவியில் ஓதினர். கிழங்கை அரியும் அளவையும் உலர்த்தும் நாளையும் மோச்சியின் பதத்தையும் தம் கையாற் செய்து காட்டினர். இரண்டும் இல்லத்தினுள்ளே நிகழ்ந்தன. இரண்டும் ஒரு தலைமுறை விட்டுப்போயின் முற்றும் மறைவன. அவ்வாறு மறையாமற் காத்தமையே அவர் பெருமை.

இன்று அத்தீவுகளில் மக்கள்தொகை குறைந்து வருகின்றது. இளைஞர் நகரங்களை நாடிச் செல்கின்றனர். நோசாக்கித் தீவில் நோக்குபி என்னும் ஊரில் 17 குடும்பத்தினர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளால் 1908-இற் செங்கல் ஆலயம் எழுப்பினர். 1971-இல் அவ்வூரின் இறுதிக் குடிகளும் பெயர்ந்துவிட, ஆலயம் மட்டும் மலைமேல் நிற்கின்றது. கட்டடங்களைக் காத்தற்கு அரசும் உலகக் கழகங்களும் உண்டு. செங்கல்லை எண்ணலாம், பழுது பார்க்கலாம். கைப்பழக்கத்தை அங்ஙனம் காத்தல் இயலாது. அதனைச் செய்வார் கையிற் கற்பவர் கையை வைத்தாலன்றி அது நிலைபெறாது.

ஆதலின், மாணவ அன்பர்காள், விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால், நம் பாட்டியர் பஞ்சகாலத்து உண்டதாகக் கூறும் கிழங்கு, கீரை, கூழ் வகைகளை ஏளனம் செய்யாது, அவை ஆக்கும் முறையைக் கேட்டு, அவரோடு இருந்து செய்து பழகுதல் நம் கடனாகும். கோத்தோ மக்கள் அதனையே செய்தனர். இயலுமாயின், அரைக்கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சிறிது பசையரிசியும் தேடி, அவர் மோச்சியையும் ஒருமுறை இடித்து உண்டு பார்க்க. அதன் இனிமையில் கிழங்கின் சுவையோடு, மலைச்சரிவில் அதனை நட்டார் பொறையையும் ஒருவாறு உணரலாம்.